மேடை ஏறாப் பாட்டுக்கள்

பாடப்படுவதனாலேயே பாட்டு என்னும் பெயர் வந்தது. ஆயினும், மேடையிலே பாடுதற்கு எளிதில் இயலாத பாட்டுக்களும் இந்நாளில் உள என்றால் அது முரண்போலத் தோன்றும். உலகமெங்கும் கோடிக்கணக்கான மக்கள் கேட்டு மகிழ்ந்த பாட்டுக்களுட் சில, அவற்றை ஆக்கிய குழுவினராலேயே மக்கள் முன்னிலையில் ஒருமுறையேனும் ஒருங்கிருந்து இசைக்கப்படவில்லை. வேறு சில மிக அரிதாகவே இசைக்கப்படுகின்றன. இதற்குக் காரணம் யாது? பாடகரின் சோம்பலோ? ஆற்றற் குறைவோ? அன்றி வேறொன்றோ? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இவ்வினா எனக்கு நூலகத்திற் பிறந்ததன்று. எங்கள் ஊர்த் தெருவிற் பிறந்தது. யான் பிறந்து வளர்ந்த ஊர் திருவண்ணாமலை. என் சிறிய தந்தையார் அவ்வூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்து வந்தார். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஞானப்பாட்டுக்களுக்கு வாசிப்பார். திருவிழா இரவுகளில் தெருவிற் கட்டிய மேடையிலே திரைப்பாட்டுக்களுக்கு வாசிப்பார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கார்த்திகைத் திருவிழா நாளொன்றில் அவருடைய கச்சேரியைக் காணச் சென்றேன். புகழ் பெற்ற ஒரு பாட்டைக் குழுவினர் பாடிக்கொண்டிருக்கையில், கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ரேடியோவில் கேட்கிற மாதிரி இல்லையே!" என்று உரக்கக் கூவினார். பலர் நகைத்தனர். சிறிய தந்தையார் தலை நிமிராமலே வாசித்து முடித்தார். வீடு திரும்பும் வழியில் அவர் என்னிடம் கூறியது ஒன்றே: "தம்பி, அந்தப் பாட்டிலே முப்பது வயலின். இங்கே நான் ஒருவன்."

அச்சொல் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. கூவினவர் பொய் சொன்னாரல்லர். அவர் செவி உண்மையையே உணர்ந்தது. சிறிய தந்தையாரும் பிழையாக வாசித்தாரல்லர். அங்ஙனமாயின் பிழை எங்கே இருந்தது?

இதனை அறிதற்கு, ஒலிப்பதிவு என்பது தோன்றி வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பண்டைக் காலத்தில் இசைக்கு மூலம் அரங்கே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே ஆடலாசிரியனும், இசையாசிரியனும், தண்ணுமை முழக்குவோனும், குழலோனும், யாழாசிரியனும் இன்னின்ன இலக்கணம் உடையராதல் வேண்டுமென்று வகுத்துக் கூறிய இளங்கோவடிகள், அரங்கின் அளவையும் கூறுகின்றார்: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அவ்வளவுக்குள் நின்று அந்நேரத்தில் எழுப்பக் கூடியது எதுவோ அதுவே இசை. அதற்கு அப்பால் ஒன்றில்லை.

1902ஆம் ஆண்டில் கிராமபோன் நிறுவனத்தார் கல்கத்தா நகரிற்கு வந்து கௌஹர் ஜான் முதலியோர் பாட்டுக்களைத் தட்டுக்களிற் பதிந்தனர். ஒரு தட்டின் பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். பாடுவோர் மணிக்கணக்கிற் பாடும் இராகத்தை அம்மூன்று நிமிடத்துக்குட் சுருக்கிப் பாடினர். அக்காலத்தில் ஒலித்தட்டு என்பது மேடையிசையின் நிழல். மூலத்திற் குறைந்த படி. தமிழில் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நாளைய படங்களில் நடித்தவர்களே ஒலிவாங்கியின் முன்னே நேரிற் பாடினர். பாட்டினை முன்னரே தனியாகப் பதிந்துகொண்டு, நடிப்போர் அதற்கு வாயசைக்கும் பின்னணி முறை முப்பதுகளின் இறுதியில் தமிழ்ப் படத்திற் புகுந்தது. அன்று முதற்கொண்டு பாட்டு மேடையை விட்டு நீங்கி, மூடிய அறை ஒன்றிற் குடி புகுந்தது எனலாம்.

பின்னர் ஒலிநாடா வந்தது. அதனோடு பல்தடப் பதிவு என்னும் முறையும் வந்தது. இம்முறையே நம் வினாவிற்குத் திறவுகோலாதலின், அதனை விளங்க உரைப்பாம். எங்கள் மாவட்டத்து ஆரணியிலே பட்டு நெய்வாரைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அங்கே பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், சரிகை வேறு. ஒவ்வொன்றும் வேறு வேறு வேளையில், வேறு வேறு கையால் ஆயத்தமாகித் தறியில் ஒன்று சேர்கின்றது. அதுபோலவே, தாளத்தை ஒரு தடத்திலும், வயலினை ஒரு தடத்திலும், குரலை ஒரு தடத்திலும் தனித்தனியே பதிந்து, இறுதியில் ஒன்றாக இழைப்பர். 1992ஆம் ஆண்டில் 'ரோஜா' வெளிவந்த காலந்தொட்டு இம்முறை தமிழ்த் திரையிசையில் பெரிதும் பரவிற்று. ஒரே பாட்டில் வாசித்த இருவர் ஒருவரையொருவர் கண்டிராமலும் இருக்கலாம். இங்ஙனம் நெய்யப்பட்ட பாட்டு, ஒரு நாளும் ஒரு வேளையில் ஓரிடத்தில் நிகழ்ந்ததன்று. நிகழாத ஒன்றை மீண்டும் நிகழ்த்துக என்று மேடையை ஏவினால் அது யாது செய்யும்?

மேடை ஏறுதற்கு உள்ள தடைகளை இனி ஒவ்வொன்றாகக் காண்பாம்.

முதலாவது, ஒரு குரல் பலவாதல். இங்கிலாந்து நாட்டுக் குவீன் என்னும் ராக் குழுவினர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பொஹீமியன் ராப்சடி' என்னும் பாட்டின் இடையிலே, பெருங்கூட்டமொன்று இசைநாடகம் பாடுவது போன்ற ஒரு பகுதி உண்டு. அக்கூட்டம் மூவரே. அம்மூவரும் தம் குரலின்மேல் தம் குரலையே மீண்டும் மீண்டும் அடுக்கி அதனை அமைத்தனர். மேடையில் அப்பகுதி வந்தபோது அவர்கள் செய்தது யாதெனில், ஒலிநாடாவை ஓடவிட்டுத் தாம் மேடையை விட்டு அகன்று, அது முடிந்தபின் திரும்பி வந்து எஞ்சியதை வாசித்தமையே. ஒரு தொண்டை ஒரு கணத்தில் ஒரு சுரத்தையே பாடும் என்னும் இயற்கை விதிக்கு அவர்கள் பணிந்து விடை பெற்றனர் என்க.

இரண்டாவது, காலத்தை ஒட்டுதல். 'கேளடி கண்மணி' (1990) என்னும் படத்தில் இளையராஜா அமைத்த ஒரு பாட்டினை எஸ். பி. பாலசுப்பிரமணியம் இடையில் மூச்சு விடாமற் பாடினார் என்று தமிழ்நாடெங்கும் வியந்து பேசினர். பள்ளிச் சிறுவர் பலர் அதனைப் பாடி முயன்று முகஞ் சிவந்து நின்றதை யானே கண்டுள்ளேன். ஆயினும், அது பகுதி பகுதியாகப் பதிந்து இணைக்கப்பட்டதே என்பதை அப்பெரும்பாடகரே பின்னாளில் ஒளியாமல் எடுத்துரைத்தார். இரு மூச்சுக்களுக்கு இடையேயுள்ள வெளியை அறுத்தெறியும் கத்தி ஒலிப்பதிவுக் கூடத்தில் உண்டு, மேடையில் இல்லை. பீட்டில்ஸ் குழுவினர் 1966ஆம் ஆண்டின் இறுதியிற் பதிந்த 'ஸ்ட்ராபெர்ரி பீல்ட்ஸ் பாரெவர்' என்னும் பாட்டில், விரைவும் சுருதியும் வேறான இரு பதிவுகளை ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் பொருத்தி ஒன்றாக ஒட்டினர். எந்தக் குழு இதனைக் கையால் வாசித்துக் காட்டும்?

மூன்றாவது, கருவி இல்லாத ஒலி. அதே குழுவினரின் 'ரிவால்வர்' என்னும் இசைத்தட்டு 1966ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது. அதன் இறுதிப் பாட்டிலே ஒலிநாடாவை வளையமாக ஒட்டிச் சுழல விட்டும், பின்னோக்கி ஓட்டியும் பெற்ற ஒலிகள் கலந்துள்ளன. அவ்வொலிகளை எழுப்பும் வாத்தியம் எதுவும் அக்காலத்து மேடையில் இல்லை. அம்மாதமே அவர்கள் அமெரிக்காவிற் சுற்றுப்பயணம் செய்தனர். ஆயினும் புதிதாய் வந்த அத்தட்டின் பாட்டொன்றையும் மேடையில் வாசித்தாரல்லர். ஆகஸ்டு 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரிற் கச்சேரி செய்ததோடு, கட்டணம் பெற்று நிகழ்த்தும் கச்சேரிகளை அறவே விட்டனர்.

நான்காவது, இடத்தின் இயல்பு. கூடத்தில் பாடகர் ஒலிவாங்கியை முத்தமிடுவதுபோல் நெருங்கி நின்று முணுமுணுப்பர். அம்முணுமுணுப்பு முரசொலிக்கும் மேலாகக் கேட்குமாறு செய்தல் கூடும். திறந்த வெளியிலோ காற்றுண்டு, எதிரொலியுண்டு, மக்களின் ஆரவாரம் உண்டு. 1965ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ஷே விளையாட்டரங்கில் ஏறத்தாழ 55,000 பேர் முன்னிலையில் பீட்டில்ஸ் வாசித்தபொழுது, கூச்சலின் மிகுதியால் தம் வாசிப்பைத் தாமே கேட்க இயலாது தவித்தனர். தாம் வாசிப்பது தமக்கே கேளாத இடத்தில் நுண்மை எங்ஙனம் வாழும்?

ஐந்தாவது, ஆட்பெருக்கமும் பொருட்செலவும். அக்குழுவினர் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எ டே இன் தி லைஃப்' என்னும் பாட்டிற்கு 40 வாத்தியக்காரரை வரவழைத்து, அவர்கள் வாசித்ததை நான்கு முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினர். கேட்போர் செவிக்கு அஃது 160 பேர் வாசிப்பாயிற்று. அத்துணைப் பேரை ஊர்தோறும் அழைத்துச் செல்லுதல் யாவர்க்கு இயலும்?

இதற்கு எங்கள் ஊரோடு தொடர்புடைய சான்றொன்று உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைத் திருவண்ணாமலையில் அருளினார் என்பது மரபு. அது திருவாசகத்தின் ஒரு பகுதி. அத்திருவாசகத்தை 1900ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர் கிறிஸ்தவத் தொண்டராகிய ஜி. யு. போப் ஐயர் என்பதை நம் கல்லூரியார் அறிவர். அதே திருவாசகத்தின் சில பகுதிகளுக்கு இளையராஜா மேலைநாட்டுப் பல்லிய முறையில் இசையமைத்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்முயற்சிக்குத் துணை நின்ற தமிழ் மையம் என்னும் அமைப்பை நிறுவியவர் கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பர் அடிகள். ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரத்து வாத்தியக் குழுவினர் வாசித்ததும், தமிழ்க் குரல்கள் பாடியதும் ஒலிப்பதிவால் ஒன்றாயின. அதனை அவ்வண்ணமே முழுமையாக மேடையேற்ற வேண்டின், இரு கண்டத்தாரை ஒரு கூரையின்கீழ்க் கூட்டுதல் வேண்டும். அதனால் அது பெரும்பாலும் வீட்டிற் கேட்கப்படும் இசையாகவே நிற்கின்றது.

எனினும், ஆட்பெருக்கம் ஒன்றே தடையென்று கொள்ளுதல் பிழையாகும். அதே இளையராஜாவின் சிம்பொனி 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் ராயல் பில்ஹார்மானிக் குழுவினரால் மக்கள் முன்னிலையில் வாசிக்கப்பெற்றது. அதற்கும் பெருங்கூட்டம் வேண்டியதே. ஆயின் மேடை ஏறிற்று. ஏன்? அது மேடைக்கென்றே பிறந்தது. ஒவ்வொருவரும் எந்தக் கணத்தில் எந்தச் சுரத்தை எழுப்புவதென்பது முன்னரே தாளில் எழுதப்பட்டது. ஆகவே, ஒரு பாட்டு மேடை ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்வது அதன் பெருமையோ சிறுமையோ அன்று. அது பிறந்த இடமே என்பது தெளிவாகின்றது.

இசைக்கு அப்பாற்பட்ட தடையொன்றும் உண்டு, அஃது உரிமை. 2017ஆம் ஆண்டில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அயல்நாடுகளிற் கச்சேரி செய்துகொண்டிருக்கையில், இசையமைத்தவரின் இசைவின்றி அவர் பாட்டுக்களை மேடையிற் பாடலாகாதென்று இளையராஜாவின் சார்பில் அறிக்கை சென்றது. அப்பயணத்தில் அப்பாட்டுக்களை இனிப் பாடுவதில்லை என்று பாடகரும் அறிவித்தார். பின்னர் இருவரும் அன்பிற் கூடினர். பாட்டு யாருடையது என்னும் வினா மேடையில் எழுந்த அளவு வீட்டு வானொலியில் எழவில்லை என்பதை நோக்குக.

இனி, சிறிய தந்தையாரிடம் மீள்வாம்.

அன்று கூவியவரின் செவியில் ஒலிப்பதிவே மூலமாகவும், மேடை அதன் படியாகவும் நின்றது. நூறாண்டுக்குமுன் இருந்த முறை தலைகீழாயிற்று. மேடையை அளக்கும் கோல் ஒலிப்பதிவு என்றான பின்னர், மேடைக்கலைஞன் எத்துணை நன்றாக வாசிப்பினும் தோற்றவனே. இத்தோல்வியினின்றும் தப்ப மெல்லிசைக் குழுக்கள் ஒரு வழி கண்டன. பாடகர் குரலை நீக்கிய ஒலிப்பதிவை ஓடவிட்டு, அதன்மேற் பாடுதலே அவ்வழி. கரோக்கி என்று அதனைக் கூறுவர். அதில் முப்பது வயலினும் உண்டு, பிழையும் இல்லை, கூலியும் இல்லை. பதினான்கு பேர் இருந்த சிறிய தந்தையாரின் குழு நால்வராய்ச் சுருங்கிற்று. அந்நால்வருள் வயலின் இல்லை. இன்று அவர் சிறுவர்க்கு வாசிக்கக் கற்பித்தும், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசித்தும் வருகின்றார். 'இதுபோல் இல்லையே' என்னும் ஒரு சொல்லுக்குக் குடும்பங்கள் கொடுத்த விலை இது. நகைத்த கூட்டத்தில் யானும் ஒரு நொடி நகைத்தேன் என்பதை இங்கே மறைத்தல் தகாது.

அங்ஙனமாயின் கூடத்திற் பிறந்த பாட்டுக்களை மேடை தொடவே கூடாதோ? தொடலாம், ஆயின் அவற்றை ஒத்து நிற்க முயலாமல், மீண்டும் ஆக்குதல் வேண்டும். நம் நாட்டுக் கருநாடக இசையிலே ஒரு கீர்த்தனத்தை நூறு பேர் நூறு விதமாகப் பாடுகின்றனர். 'தட்டில் உள்ளது போல் இல்லையே' என்று எவரும் கூவுவதில்லை. ஏனெனில் அங்கே பாட்டு என்பது விதை. ஒவ்வொரு மேடையும் ஒரு நிலம். மார்கழி விடியலில் ஓதுவார் ஒருவர் திருவெம்பாவையைப் பல்லியம் எதுவுமின்றிப் பாடும்போதும் அது குறைவுபட்டதாக எவர்க்கும் தோன்றுவதில்லை.

இதனை நம் கல்லூரியிலும் சோதித்துப் பார்த்தோம். 'திருடா திருடா' (1993) படத்தில் ரகுமான் இசையமைப்பில் ஷாகுல் ஹமீது பாடிய பாட்டொன்று வாத்தியமின்றி மனிதக் குரல்களாலேயே அமைந்தது. சென்ற ஆண்டு விழாவில் அதனைப் பாட எண்ணிய யாங்கள் முதலிற் பதிவைப் போலவே பாட முயன்று ஒரு திங்கள் வீணாக்கினோம். பின்னர், சிற்றாலயப் பாடற்குழுவில் ஞானப்பாட்டுக்களை நால்வகைக் குரலாகப் பிரித்துப் பாடுகின்றோமே, அம்முறையிலேயே இதனையும் பிரித்தோம். பன்னிருவர் பாடினோம். பதிவில் இருந்த பல நுண்மைகள் எம்மிடம் இல்லை. ஆயினும், இரண்டாம் அடியிலேயே அவையினர் கைத்தாளம் இட்டுத் தாமும் உடன் பாடத் தொடங்கினர். பதிவு எத்துணைச் சிறந்ததாயினும் கேட்பவர் தாளத்திற்காக ஒரு கணம் காத்து நிற்க அறியாது. யாங்கள் காத்து நின்றோம். மேடைக்கே உரிய செல்வம் அது.

திருவண்ணாமலைத் திருக்கோயிலிலே கருவறையில் இருக்கும் மூலவர் இலிங்க வடிவினர். அவ்விடம் விட்டு அசையார். திருவிழாவில் மாட வீதி வரும் உற்சவமூர்த்தியோ செம்பிற் சமைத்த மனித வடிவினர். சிறுவயதில் எங்கள் ஊர்த் தெருவோரத்தில் நின்று அவ்வூர்வலத்தைக் கண்டவன் யான். கோயிலின் உள்ளே செல்லமாட்டாத முதியோரும் நோயுற்றோரும் தத்தம் வாயிலில் நின்று கை குவிப்பர். 'மூலவர்போல் இல்லையே' என்று ஒருவரும் கூறியதை யான் கேட்டதில்லை. அசையாதிருப்பதற்கென ஒன்றும், வீதிக்கு வருவதற்கென ஒன்றும் வேண்டுமென்பதை அம்மக்கள் எவரும் கற்பியாமலே அறிந்துள்ளனர்.

இசைக்கும் இவ்வறிவு வேண்டும். ஒலிப்பதிவு அதன் அறையில் நிறைவுற்று விளங்குக. மேடை ஏறாத பாட்டுக்கள் அங்கேயே வாழ்க. வீதிக்கு வரும் இசையை அதன் வடிவிலேயே நாம் ஏற்போம். நண்பர்களே, அடுத்த முறை ஒரு தெருமேடையின் முன் நிற்கையில், இது பதிவினை ஒத்திருக்கின்றதா என்று வினவாதீர்கள். முப்பது வயலினுக்கு ஈடாக ஒருவர் தனியே அமர்ந்து வாசித்துக்கொண்டிருக்கக் கூடும். அவர் வாசிப்பது யாதென்று செவி கொடுத்துக் கேளுங்கள்.